பார்க்காமல் எழுதிய பாட்டு, பார்த்த பிறகு எழுதிய கடிதம்... யார் இந்த பிஷப் ஹீபர்?

இரும்புலியூரிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் சென்னை பக்கம் வந்தால், தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. அதன் மாணவர் விடுதிகளில் ஒன்றுக்கு 'பிஷப் ஹீபர் ஹால்'னு பெயர். திருச்சியில் அதே பெயரில் ஒரு கல்லூரியே இருக்கு. இத்தனைக்கும் அந்த மனிதர் தமிழ் மண்ணில் இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை!

பாட்டு எழுதிய பாதிரியார்

ரெஜினால்ட் ஹீபர் 1783-ல் இங்கிலாந்தின் மால்பஸ் ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படிக்கும்போதே கவிதைக்குப் பரிசு வாங்கியவர். பிறகு ஹாட்னெட் என்ற கிராமத்தில் பாதிரியார் ஆனார். அங்கே இருந்த வருடங்களில் எழுதியவைதான் அவருடைய பாடல்கள். உலகம் முழுக்க இன்றும் பாடப்படும் 'ஹோலி, ஹோலி, ஹோலி' அவர் எழுதியதே. பாடல்கள் தொகுப்பாக வெளிவந்தது 1827-ல். அப்போது அவர் உயிரோடு இல்லை.

சர்ச்சையான பாட்டு

1819-ல் மிஷனரி பணிக்கு நிதி திரட்டும் வழிபாட்டுக்காக ஒரு பாட்டு எழுதினார். இலங்கையின் இயற்கையைப் புகழ்ந்துவிட்டு, அங்குள்ள மனிதர்களை மட்டும் இழிவாகச் சொன்ன பாட்டு அது. அப்போது அவர் இந்தியாவையும் பார்த்ததில்லை, இலங்கையையும் பார்த்ததில்லை. நூறு வருடம் கழித்தும் அந்த வரிகள் உறுத்தின. 1925-ல் கல்கத்தாவில் மிஷனரிகள் முன் பேசிய காந்தி, அதை நேரடியாகவே கண்டித்தார்.

வந்து பார்த்த பிறகு...

1823-ல் கல்கத்தா பிஷப்பாக வந்தார் ஹீபர். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாமே அப்போது அந்த ஒரே மறைமாவட்டம்தான்! அடுத்த வருடமே, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய தமிழரான கிறிஸ்டியன் டேவிட்டுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். வட இந்தியா, பம்பாய், இலங்கை என ஊர் ஊராகச் சுற்றினார்.

1826 பிப்ரவரி கடைசியில் சென்னை வந்து, தெற்கே கிளம்பினார். அந்த மார்ச் மாதம், லண்டன் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனித்த நண்பர் வின்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். விளைச்சலில் பாதியைக் கம்பெனி வரியாக எடுத்தால் விவசாயி எப்படித் தலையெடுப்பான் என்பதுதான் அதன் சாரம். இலங்கை மனிதர்களைப் பாட்டில் குறை சொன்னவர், இப்போது குறை சொன்னது தன் நாட்டு ஆட்சியை.

திருச்சியில் கடைசி நாள்

தஞ்சாவூரில் ஈஸ்டர் வழிபாடு, சரபோஜி மன்னருடன் சந்திப்பு எல்லாம் முடித்து திருச்சி வந்தார். ஏப்ரல் 3 காலை, கோட்டைப் பகுதியில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் சடங்கு நடத்தினார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, குளியல் தொட்டியில் இறங்கியவர் உயிரோடு வெளியே வரவில்லை. வயது 42.

எது நிலைத்தது?

பாட்டு பரவிய அளவுக்கு அந்தக் கடிதம் பரவவில்லை. ஆனா, அது காணாமலும் போகவில்லை. பின்னாளில் ரமேஷ் சந்திர தத், இந்தியாவின் வறுமைக்குக் காரணம் தேடி எழுதிய பொருளாதார வரலாற்றில் அதைச் சாட்சியாக எடுத்து வைத்தார்.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஹீபருக்குச் சிலை இருக்கு. உடல் இருப்பது திருச்சி செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில். 2026 ஏப்ரல் 3-உடன் அவர் மறைந்து 200 ஆண்டுகள்.