மனச்சான்றும் வாக்குச் சீட்டும்: ஜனாதிபதி கென்னடியின் வாழ்வு

ஜூபிலி விழாவை முன்னிட்டு நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தோணி, சூசை, சவரிமுத்து, ஆரோக்கியசாமி என்று வழிவழியாக வந்த பெயர்களுக்கு நடுவே, 1960-களில் கென்னடி என்னும் பெயர் தலைகாட்டக் கண்டேன். கென்னடி புனிதர் அல்லர். திருச்சபை அவரைப் பீடத்திற்கு உயர்த்தவும் இல்லை. ஆயினும் நம் பெற்றோர் அப்பெயரைத் தம் மக்களுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். நம் வேதத்தைச் சேர்ந்த ஒருவர் அமெரிக்காவின் தலைமைப் பதவியை அடைந்தார் என்ற பெருமையும், அவர் குண்டுக்கு இரையானார் என்ற துயரமும் அதற்குக் காரணங்கள் ஆகலாம்.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பங்கு மக்களில் சிலர் குருமனைக்கு வந்து, யாருக்கு வாக்களிக்கலாம் என்று சாமியாரிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதைவிட, இம்மனிதரின் கதையைச் சொல்வதே நலம் என்று எண்ணுகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்துப் பெரும் பஞ்சம் தோன்றியது. உயிர் பிழைக்கக் கப்பலேறிப் பாஸ்டன் நகரில் இறங்கியவர்களுள் கென்னடியின் கொள்ளுப்பாட்டனாரும் ஒருவர். புராட்டஸ்டாண்டு மக்கள் ஓங்கியிருந்த அந்நகரில் ஐரிஷ் கத்தோலிக்கர் தாழ்வாகவே நடத்தப்பட்டனர். ஆனால் இரண்டு தலைமுறைக்குள் தாய்வழிப் பாட்டனார் அந்நகரின் மேயரானார். தந்தை ஜோசப் பெருஞ்செல்வரானார்.

ஜான் பிட்ஜெரால்டு கென்னடி 1917 மே 29-ஆம் நாள் புரூக்லைன் என்னும் ஊரில், ஒன்பது பிள்ளைகளுள் இரண்டாமவராகப் பிறந்தார். அன்னை ரோஸ் அம்மையார் ஆழ்ந்த பக்தியுடையவர். பிள்ளைகளுக்குச் செபமாலையையும் ஞானோபதேசத்தையும் ஊட்டி வளர்த்தார். ஜான் சிறுவயது முதலே நோயாளி. ஆயினும் 1940-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

1943 ஆகஸ்டில் பசிபிக் கடலில் அவர் தலைமையேற்றிருந்த படகை ஜப்பானியப் போர்க்கப்பல் மோதிப் பிளந்தது. தீக்காயமுற்ற தோழர் ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே மணிக்கணக்கில் நீந்திக் கரை சேர்த்தார். மறு ஆண்டே அவர் அண்ணன் ஜோசப் போரில் மாண்டார். அண்ணன்மீது தந்தை வைத்திருந்த அரசியல் கனவு தம்பியின் தோளில் விழுந்தது. 1946-ல் காங்கிரசின் கீழ்ச்சபைக்கும், 1952-ல் செனட் சபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வழியில் நின்ற தடை

எப்பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. சட்டம் கூறியதை மக்கள் மனம் ஏற்கவில்லை. 1928-ல் நியூயார்க் கவர்னர் ஆல் ஸ்மித், பெரிய கட்சி ஒன்றின் சார்பில் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட முதல் கத்தோலிக்கரானார். பீடச் சிறுவனாகப் பூசைக்கு உதவியவர். மீன் சந்தையில் உழைத்து முன்னேறியவர். அவர் வென்றால் பாப்பரசர் ரோமையிலிருந்து வந்து அமெரிக்காவை ஆள்வார் என்றும், அதற்கெனக் கடலடியில் சுரங்கப் பாதையே அமைக்கப்படுகிறது என்றும் கதை கட்டினர். தேர்வாளர் வாக்குகளில் ஹூவர் 444 பெற, ஸ்மித் 87 மட்டுமே பெற்றார். நாடு அப்போது செழிப்பாயிருந்ததும், மதுவிலக்குப் பூசலும் அத்தோல்விக்குக் காரணங்களே. எனினும் மதப்பகையின் வடு கத்தோலிக்கர் மனத்தில் ஆறாமல் நின்றது.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே வழியில் கென்னடி இறங்கினார். 1960 மே மாதம் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்வதற்கான முதல்நிலைத் தேர்தல் நடந்தது. அங்கே கத்தோலிக்கர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேரே. தாம் கடற்படையில் சேர்ந்தபோதும், அண்ணன் உயிர் நீத்தபோதும் எவரும் தங்கள் மதத்தைக் கேட்கவில்லையே என்று சுரங்கத் தொழிலாளரிடம் அவர் எடுத்துரைத்தார். தந்தையின் பணமும் அங்கே தாராளமாகப் பாய்ந்தது. அதையும் மறைத்தல் ஆகாது. நூற்றுக்கு அறுபது வாக்குகள் பெற்று வென்றார்.

ஹூஸ்டன் அரங்கில்

அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கத்தில், போதகர் நார்மன் வின்சென்ட் பீல் உள்ளிட்ட புராட்டஸ்டாண்டு தலைவர்கள், கத்தோலிக்கர் ஒருவர் தம் திருச்சபையின் நெருக்குதலுக்குத் தப்ப இயலுமா என்று வெளிப்படையாக ஐயம் எழுப்பினர். பதில் சொல்லக் கென்னடி செப்டம்பர் 12-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகருக்கு நேரே சென்றார். போதகர்கள் நிறைந்த அரங்கில் தன்னந்தனியாக நின்றார்.

திருச்சபையும் அரசும் தனித்தனியே இயங்க வேண்டும் என்றார். எந்த மேற்றிராணியாரும் ஜனாதிபதிக்குக் கட்டளையிடலாகாது. எந்தக் குருவும் தம் மக்களுக்கு யாருக்கு வாக்களிப்பது என்று கற்பிக்கலாகாது என்றார். இதனைச் சொன்னதோடு நில்லாமல் மற்றொன்றும் சொன்னார். பதவியின் கடமைக்கும் தம் மனச்சான்றுக்கும் தீராத முரண் நேர்ந்தால் பதவியைத் துறப்பேன். வாக்குக்காக வேதத்தை மறுதலிக்க மாட்டேன் என்றார். முற்பகுதியை உலகம் நினைவில் வைத்தது. பிற்பகுதியைப் பலர் மறந்துவிட்டனர்.

அடுத்த மாதமே ஒரு சோதனை வந்தது. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவர்ட்டோ ரிக்கோ தீவின் ஆயர்கள், குடும்பக் கட்டுப்பாடு முதலிய காரணங்களைக் காட்டி, கவர்னர் முன்யோஸ் மரீனின் கட்சிக்கு வாக்களிக்கலாகாது என்று சுற்றுமடல் விடுத்தனர். கென்னடியின் எதிரிகளுக்கு அது நல்ல ஆயுதமாயிற்று. அத்தகைய கட்டளை அமெரிக்கத் திருச்சபையின் மரபன்று என்று பாஸ்டன் கர்தினால் குஷிங் கூறினார். தீவு மக்கள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். எனினும் அதே கவர்னரை அவர்கள் பெருவாரியாக வெற்றி பெறச் செய்தனர். குருவாகிய நான் இந்நிகழ்ச்சியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மனச்சான்றை உருவாக்குவது எங்கள் கடமை. அதன் இடத்தில் நாங்களே உட்கார்ந்துகொள்வது கடமை அன்று.

1960 நவம்பர் 8-ஆம் நாள் தேர்தல். ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில், நிக்சனைவிடக் கென்னடி பெற்றது ஏறத்தாழ 1,12,000 மட்டுமே அதிகம். காலப் கருத்துக் கணிப்பின்படி, 1956-ல் கத்தோலிக்கர் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்து வாக்களித்திருந்தனர். 1960-லோ நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் கென்னடியை ஆதரித்தனர். புராட்டஸ்டாண்டு மக்களில் ஏறத்தாழ அறுபத்திரண்டு பேர் நிக்சன் பக்கம் நின்றனர். கத்தோலிக்கர் என்பதற்காக வெறுத்தவர்களும் உண்டு. கத்தோலிக்கர் என்பதற்காகவே வாக்களித்தவர்களும் உண்டு. இரண்டாவதை நாம் எளிதில் மன்னித்து விடுகிறோம். ஆனால் அதுவும் ஆராயாமல் இட்ட வாக்கே அன்றோ?

பதவியும் முடிவும்

1961 சனவரி 20-ஆம் நாள் காலைத் திருப்பலி கண்டு, பின் பதவியேற்றார். அவ்வாண்டில் அவர் கொணர்ந்த கல்வி உதவி மசோதாவில் திருச்சபைப் பள்ளிகளுக்கு இடமில்லை. ஆயர்கள் வன்மையாக எதிர்த்தும் அவர் மாற்றவில்லை. கீழ்ச்சபைக் குழுவில் அம்மசோதாவைச் சாய்த்தது, அவர் கட்சியையே சேர்ந்த டெலானி என்ற கத்தோலிக்க உறுப்பினரின் வாக்கு. இருவரும் ஒரே நற்கருணைப் பந்தியில் பங்குகொள்வோரே; இருவர் தீர்ப்பும் வேறாயிற்று.

1961-ல் கியூபா மீதான படையெடுப்பில் அவர் தவறினார். 1962 அக்டோபரில் அணு ஆயுதப் போர் வாசலில் நின்றபோது பொறுமை காத்தார். பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் வானொலியில் இரு தரப்பாரையும் சமாதானத்துக்கு வேண்டியதும் அந்நாட்களிலேதான். 1963 சூனில் கறுப்பின மக்களின் உரிமையை அறநெறிப் பிரச்சினையாகவே நாட்டின் முன் வைத்தார். அடுத்த மாதம் பாப்பரசர் 6-ஆம் சின்னப்பரைச் சந்தித்தபோது, வழக்கப்படி முழந்தாளிட்டு மோதிரத்தை முத்தி செய்யாமல் கைகுலுக்கினார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பிறந்த ஆண்குழந்தை பேட்ரிக் இரண்டு நாளில் இறந்தது. நவம்பர் 22-ஆம் நாள் டல்லஸ் நகரில் கென்னடி சுடப்பட்டார். அருகிலிருந்த பங்குக் குரு விரைந்து வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. இல்லற வாழ்வில் அவர் பிரமாணிக்கம் தவறியதைப் பிற்கால நூல்கள் வெளிப்படுத்தின. அதை மறைத்து அவரைப் புனிதராக்குவது உண்மைக்குத் துரோகம்.

நமக்குரிய பாடம்

1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மத சுதந்திரத்தை மனித மாண்பின் உரிமையாக அறிவித்தது. அதே நாளில் வெளியிட்ட மற்றோர் ஏட்டில், விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே பிளவு இருத்தலாகாது என்றும் எச்சரித்தது. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். 2020-ல் அமெரிக்கா இரண்டாம் கத்தோலிக்க ஜனாதிபதியாக ஜோ பைடனைத் தேர்ந்தபோது, கத்தோலிக்க வாக்குகள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தன. கென்னடி திருச்சபைக்கு மிகவும் பணிவாரோ என்று அன்று பிறர் அஞ்சினர்; கருச்சிதைவு போன்றவற்றில் பைடன் போதிய அளவு பணியவில்லையே என்று பின்னர் கத்தோலிக்கரே வருந்தினர்.

அன்புள்ள பங்கு மக்களே, வேட்பாளர் நம்மவரா என்று கேட்பதற்கு முன், அவர் ஏழையையும் பிறவாத சிசுவையும் வயது முதிர்ந்தோரையும் எப்படிக் காண்கிறார், உண்மை பேசுகிறாரா, சமாதானத்தை நாடுகிறாரா என்று கேளுங்கள். எல்லாவற்றிலும் தேறிய ஒருவர் பெரும்பாலும் கிடைக்கமாட்டார். செபித்து, ஆராய்ந்து, நீங்களே தீர்மானியுங்கள். அத்தீர்மானத்துக்கு ஆண்டவர் முன் கணக்குக் கொடுக்கப்போகிறவர் நீங்கள். உங்கள் பங்குச் சாமியார் அல்லர்.

அன்று பதிவேட்டில் ஏறிய கென்னடிகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்துப் பூசைக்கு வருகின்றனர். அப்பேரப்பிள்ளைகளுக்கு வாக்குரிமை வரும் நாளில், பெயருக்கல்ல, மனச்சான்றுக்கு அவர்கள் வாக்களிப்பார்களாக. அதற்கு அவர்களைத் தயாரிப்பதே இந்த ஜூபிலி ஆண்டில் நாம் ஏற்கத்தக்க நல்ல தீர்மானம்.