ஹெலன் கெல்லரும் அவர்தம் பெற்றோரும்

கண்ணும் செவியும் இழந்தும் கல்வியில் சிறந்து உலகப் புகழ் எய்தியவர் ஹெலன் கெல்லர் அம்மையார். அவரது வரலாற்றைக் கூறுவோர் ஆசிரியை ஆன் சல்லிவனைப் போற்றத் தவறுவதில்லை. ஆயின், அந்த ஆசிரியை வீடு வந்து சேருமுன் பெற்றோர் ஏறி இறங்கிய படிகள் பல. அவற்றையும் நாம் அறிதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் ஹெலன் பிறந்தார். தந்தை ஆர்தர் கெல்லர், தாய் கேட். குழந்தைக்குப் பத்தொன்பது மாதம் நிறைந்த வேளையில் கடுங்காய்ச்சல் ஒன்று கண்ணொளியையும் செவிப்புலனையும் ஒருங்கே பறித்துச் சென்றது. தன் எண்ணத்தைக் குழந்தை சைகையால் காட்டும். பிறர்க்கு அது விளங்காதபோது சினந்து அழும். கையில் கிடைத்ததை எறியும். உறவினருள் சிலர் குழந்தையை ஏதேனும் ஒரு காப்பகத்தில் விட்டுவிடுமாறு கூறினர். தாய் அதற்கு இசையவில்லை.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய அமெரிக்கப் பயண நூலைக் கேட் அம்மையார் படித்திருந்தார். கண்ணும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் பெண் பாஸ்டன் நகரில் கல்வி கற்ற செய்தி அதில் இருந்தது. அச்செய்தியே அத்தாய்க்குப் பற்றுக்கோடாயிற்று.

1886ஆம் ஆண்டு தந்தை மகளைப் பால்டிமோர் நகரக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பார்வை மீளாது, ஆயினும் கல்வி புகட்ட இயலும் என்று கூறிய மருத்துவர், தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல்லிடம் அவர்களை அனுப்பினார். பெல்லின் தாயும் மனைவியும் செவிப்புலன் குன்றியவர்கள். எனவே அவர் அக்குடும்பத்தின் துயரை நன்குணர்ந்தார்; அந்நாளில் பாஸ்டனில் இருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு எழுதுமாறு வழிகாட்டினார். தந்தை உடனே மடல் விடுத்தார். அதன் பயனாக 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள், இருபதே வயது நிரம்பிய ஆன் சல்லிவன் வந்து சேர்ந்தார்.

இரக்கத்தால் குழந்தை விரும்பியதையெல்லாம் கொடுத்துப் பழகிய வீட்டில் ஒழுங்கு கற்பித்தல் அரிதாயிருந்தது. ஆகவே தோட்டத்துச் சிறு வீட்டில் தாமும் குழந்தையும் தனித்துத் தங்க வேண்டும் என ஆசிரியை வேண்டினார். பெற்றோர் மனம் கலங்கினர்; எனினும் உடன்பட்டனர். ஏப்ரல் 5ஆம் நாள், குழாய்நீர் ஒரு கையில் பாய, மறு கையில் ஆசிரியை நீர் என்னும் சொல்லை விரலால் எழுதினார். பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பதைச் சிறுமி அன்று உணர்ந்தாள். மகளுடன் உரையாடும் பொருட்டுத் தாயும் அவ்விரல் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார்.

1896இல் தந்தை மறைந்தார். அடுத்த ஆண்டு, ஹெலன் பயின்ற கேம்பிரிட்ஜ் பள்ளியின் தலைவர், மாணவியை ஆசிரியையிடமிருந்து பிரிக்க முற்பட்டார். அவர் சொல்லை நம்பிய தாய் முதலில் இசைவளித்துவிட்டார். ஆயினும் செய்தியறிந்து தாமே புறப்பட்டு வந்தார். மகளின் துயரை நேரிற் கண்டார். இசைவை மீட்டுக்கொண்டு, மகளை அப்பள்ளியினின்றும் அழைத்துச் சென்றார். ஹெலன் 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இழந்தோருள் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பின்னர் நாடுகள் பலவற்றிற்கும் சென்று மாற்றுத்திறனாளர்க்காகப் பேசினார். 1955இல் நம் இந்தியாவிற்கும் வந்தார். 1968ஆம் ஆண்டு சூன் முதல் நாள் இயற்கை எய்தினார்.

பெற்றோர்களே! குதைபியாவில் உறவினர் துணையின்றி வாழும் நம் குடும்பங்களுள்ளும், பேச்சுத் தாமதமான, படிப்பில் பின்தங்கிய, புலன் குன்றிய குழந்தைகள் உண்டு. ஊரார் என்ன சொல்வரோ என அஞ்சி அக்குழந்தைகளை மறைத்து வைத்தல் தகாது. மருத்துவரை நாடுங்கள், பள்ளியில் பேசுங்கள், ஓரிடத்தில் வழி இல்லையெனில் வேறிடம் கேளுங்கள். பிறர் கூறுவதோடு அமையாது, குழந்தை படும் பாட்டை நேரில் சென்று பாருங்கள். மாணவர்களே! அத்தகைய தோழர் உம் வகுப்பில் இருப்பின், எள்ளாது அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.