சொந்த கிராமத்தையே நகரமாக்கிய போப்.. மூன்றே வருஷத்தில் எழும்பிய பியென்சா! யார் இந்த இரண்டாம் பயஸ்?

பிறந்த ஊருக்கு ஏதாவது செய்யணும்னு ஆசைப்படாதவங்க குறைவு. சிலர் கோயில் கட்டுவார்கள், சிலர் பள்ளிக்கூடம் கட்டுவார்கள். ஆனால் 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் ஒருவர் ஊரையே புதுசாகக் கட்டினார். அந்த ஊர்தான் டஸ்கனியில் இருக்கும் பியென்சா. கட்டியவர் போப் இரண்டாம் பயஸ்.

வயலில் வேலை பார்த்த சிறுவன்

இயற்பெயர் ஏனியா சில்வியோ பிக்கோலோமினி. 1405-ல் கோர்சின்யானோ என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். சியனா நகரத்தின் பழைய பிரபுக் குடும்பம்தான். ஆனால் செல்வாக்கு, சொத்து எல்லாம் போன நிலை. வீட்டில் 18 பிள்ளைகள். அப்பாவோடு சேர்ந்து வயலில் வேலை பார்த்தவர், 18 வயசில் படிக்க சியனாவுக்குக் கிளம்பினார்.

கவிஞர் எப்படி போப் ஆனார்?

முதலில் கார்டினல் ஒருவருக்குச் செயலாளர். 1435-ல் ஸ்காட்லாந்துக்குக் கப்பலில் போனபோது பெரும் புயல். உயிர் பிழைத்தால் வெறுங்காலில் மாதா கோயிலுக்கு நடந்து வர்றேன்னு வேண்டிக்கொண்டார். பிழைத்தார், பனியில் நடந்தும் போனார். அந்தக் கால்வலி கடைசி வரை அவரை விடவே இல்லை.

1442-ல் ஜெர்மன் அரசர் மூன்றாம் பிரடெரிக் அவருக்குக் கவிஞர் பட்டம் சூட்டினார். காதல் கதை எழுதியும் பேர் வாங்கினார். 40 வயசுக்கு மேல்தான் பாதிரியார் ஆனார். பிறகு பிஷப், கார்டினல் என உயர்ந்து, 1458-ல் போப்!

ஊருக்குத் திரும்பியபோது..

1459-ல் பயணம் போகும் வழியில் சொந்த ஊரில் தங்கினார். கூட வளர்ந்தவர்களோடு உட்கார்ந்து பேசலாம்னு ஆசையாகப் போனவருக்குக் காத்திருந்தது ஏமாற்றம்தான். பாதிப் பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் முதுமையிலும் நோயிலும் அடையாளமே தெரியாமல் மாறியிருந்தார்கள். அப்போது அவருக்கே வயசு 53. தன் நினைவாக இங்கே ஒரு பேராலயமும் அரண்மனையும் எழுப்ப முடிவு செய்தார்.

கணக்கில் பொய்.. ஆனாலும் பரிசு!

பொறுப்பை ஏற்றவர் கட்டிடக் கலைஞர் பெர்னார்டோ ரோசெல்லினோ. மதிப்பீட்டைத் தாண்டி செலவு எங்கேயோ போய்விட்டது. மொத்தம் 50,000 தங்கக் காசுகளுக்கு மேல்! போப் கூப்பிட்டு அனுப்பியதும் அவர் நடுங்கியபடிதான் வந்தார். ஆனால் நடந்ததோ வேறு. நீ உண்மைக் கணக்கைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டிடங்களே வந்திருக்காது என்று பாராட்டி, 100 தங்கக் காசும் சிவப்பு அங்கியும் கொடுத்தார் பயஸ். இதைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

1462-ல் பேராலயம் திறக்கப்பட்டது. ஊருக்கும் புதுப் பேர் வந்தது. பியென்சா, அதாவது பயஸின் ஊர். பேராலயத்தின் வெள்ளைச் சுவர்களில் யாரும் படம் வரையக் கூடாது, எதையும் மாற்றக் கூடாதுன்னு ஆணையும் போட்டார்.

பாதியில் நின்ற கனவு

ஆனால் தன் ஊரை ரசிக்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. ஒட்டோமான் துருக்கியருக்கு எதிரான போருக்குப் படை திரட்ட, உடம்பு முடியாத நிலையிலும் அன்கோனா துறைமுகத்துக்குப் போனார். அங்கேயே 1464 ஆகஸ்டில் உயிர் பிரிந்தது. கூட வீடு கட்டிய கார்டினல்களும் கலைந்துபோக, வேலைகள் அப்படியே நின்றன.

அதுவே ஊரைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். பணமும் அதிகாரமும் வேறு பக்கம் போனதால், பழசை இடித்துப் புதுசு கட்ட அங்கே யாரும் வரவில்லை. போப் தடுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். பேராலயத்தின் பின்பக்கம் உறுதியில்லாத சரிவு மண்ணில் நிற்பதால் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. சுவரில் விரிசல், தரையில் சாய்வு. பல முறை பலப்படுத்தியும் பிரச்சனை முழுசாகத் தீரவில்லை.

1996-ல் பியென்சாவின் பழைய நகரப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடந்தே சுற்றிப் பார்த்துவிடக்கூடிய சின்ன ஊர்தான். ஆனால் 560 வருஷத்துக்கு முன்னாடி அவர் மாற்றக் கூடாதுன்னு சொன்ன அந்த வெள்ளைச் சுவர்கள் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன.