பிராணவாயுவை ஐயுற்ற பிரீஸ்ட்லி

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. உயிர் காக்கும் பிராணவாயுவுக்கும் இது பொருந்துமோ என்று சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பே ஐயுற்றவர் ஜோசப் பிரீஸ்ட்லி.

இவர் 1733-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, அத்தையின் ஆதரவில் வளர்ந்தார். திக்கிப் பேசும் குறை இருந்தும், சமயப் போதகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். ஓய்வு நேரமெல்லாம் வாயுக்களைப் பற்றிய சோதனைகளிலேயே கழிந்தது.

1774 ஆகஸ்டு முதல் நாள், பெரிய குவி கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரச ஆக்ஸைடைச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவில் மெழுகுவர்த்தி பேரொளியுடன் எரிந்தது. மறு ஆண்டு, அவ்வாயு நிறைந்த பாத்திரத்தில் ஒரு சுண்டெலியை விட்டார். சாதாரணக் காற்றில் கால் மணி நேரமே தாங்கும் எலி, இதில் அரை மணி நேரம் தாங்கியது. பின் தாமும் அதைச் சுவாசித்து, நெஞ்சு இலேசானதை உணர்ந்தார். ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. மெழுகுவர்த்தி இதில் விரைந்து எரிந்து தீர்கிறதே, மனித உயிரும் அப்படித் தீர்ந்துவிடுமோ என்று எண்ணினார். அதை எழுதியும் வைத்தார். இவ்வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டவர் லவாய்சியர்.

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்ததால், 1791-இல் கலகக் கூட்டம் பர்மிங்காமில் அவரது வீட்டையும் நூலகத்தையும் சோதனைச் சாலையையும் அழித்தது. மனம் தளராத அவர் 1794-இல் அமெரிக்கா சென்று ஆய்வைத் தொடர்ந்தார், 1804-இல் மறைந்தார்.

அவரது ஐயம் வீண் போகவில்லை. 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகப் பிராணவாயு கொடுக்கப்பட்டது. அதனால் பல குழந்தைகள் பார்வை இழந்தன. 1954-இல் அர்ஜென்டினாவின் பெண் விஞ்ஞானி ரெபேக்கா கெர்ஷ்மனும் உடன் ஆய்வாளரும், மிகுதியான பிராணவாயுவும் எக்ஸ் கதிரும் செல்களை ஒரே வழியில் தாக்குகின்றன என்று விளக்கினர். இணையின்றித் தனித்த எலக்ட்ரானை உடைய 'தனி உறுப்புகள்' தோன்றி, அருகிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கின்றன. அதனால் செல்லின் சவ்வும் மரபுப் பொருளும் பழுதடைகின்றன. இவற்றை அடக்கும் நொதி ஒன்று நம் செல்களிலேயே இருப்பதை 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர்.

தோழியரே, தாம் கண்டறிந்த அரும்பொருளையே ஐயுற்றுக் கேள்வி கேட்டார் பிரீஸ்ட்லி. வெற்றியின் மகிழ்ச்சியிலும் உண்மையை மறவாத அந்த நேர்மையை நாமும் கற்போமாக!