குமரப்பா பார்த்த கணக்கு

பேரங்காடியில் ஒரு பொருளை எடுத்ததும் நாம் முதலில் திருப்பிப் பார்ப்பது விலைச்சீட்டைத்தான். 50 விழுக்காடு கழிவு என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தால் மனசு லேசாகிவிடும். அந்தச் சீட்டில் எழுதாத விலை ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் பொருளை வாங்கவேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு தஞ்சாவூர்த் தமிழர். தொழிலில் ஆடிட்டர். பெயர் ஜே. சி. குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் படிக்கிற யாரும் அவரைத் தொடாமல் போக முடியாது. ஆனால் ஜொகூரில் நம்ம பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், காந்தியைத் தெரியும், குமரப்பாவைத் தெரியாது என்பார்கள்.

1892 ஜனவரி 4ஆம் நாள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். அப்பா பொதுப்பணித் துறை அதிகாரி, வசதிக்குக் குறைவில்லை. லண்டன் போய்ப் பட்டயக் கணக்காளர் ஆனார், திரும்பி வந்து பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். உடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே வெள்ளைக்காரத் துரை மாதிரி. படித்தவன் என்றால் அப்படித்தான் இருக்கணும்னு அந்தக் காலத்தில் ஓர் எழுதாத விதி. விதி இன்றைக்கும் மாறவில்லை, பிராண்டுகள்தான் மாறியிருக்கின்றன.

1927இல் அமெரிக்கா போனார். முதலில் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம், அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. இந்த இரண்டு வருடங்களில் நாம் கொஞ்சம் நின்று பார்க்கணும். ஏன்னா, இன்று நம்மைச் சுற்றியிருக்கும் விளம்பர உலகம் பெரும்பாலும் அந்த நாட்டில், அந்தக் காலத்தில்தான் உருவெடுத்தது. ஆலைகள் சரக்கைக் குவித்துவிட்டன. குவித்ததை விற்றாகணும். ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் மாடல் டி என்ற ஒரே காரையே செய்துகொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழி கண்டுபிடித்தது. ஆண்டுக்கு ஆண்டு வடிவத்தை மாற்று, போன வருடக் காரை ஓட்டுகிறவனுக்கே அது பழசு என்று தோன்றட்டும். கையில் பணம் இல்லாதவனும் வாங்கணுமே, அதற்குத் தவணைக் கடன் கொடுக்க 1919லேயே ஒரு தனி நிறுவனம். குமரப்பா அங்கே போன அதே 1927இல் மாடல் டி கார் உற்பத்தி நின்றது. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆசைதான் அதைவிட்டு நகர்ந்துவிட்டது.

அதே நியூயார்க்கில் எட்வர்ட் பெர்னேஸ் என்று ஒருவர் இருந்தார். மனத்தை ஆராய்ந்த சிக்மண்ட் ஃபிராய்டின் தங்கை மகன். மக்களின் விருப்பங்களைத் திட்டமிட்டு எப்படி வடிவமைப்பது என்று 1928இல் ஒரு புத்தகமே எழுதினார். 1929 ஈஸ்டர் நாளில் இளம்பெண்களைச் சிகரெட்டோடு நியூயார்க் வீதியில் நடக்கவைத்து, பெண் விடுதலையின் அடையாளமாக அதைப் பத்திரிகைகளில் வரச் செய்தார். பின்னால் இருந்தது ஒரு சிகரெட் கம்பெனி. அதற்கு முன்னால் விளம்பரம் என்றால் இந்தச் சோப்பு அழுக்கைப் போக்கும் என்று சொல்வது. இப்போது இந்தச் சோப்பு இல்லையென்றால் நீ யார் என்று கேட்பது. இரண்டுக்கும் நடுவில்தான் நம்ம சந்தோஷம் மாட்டிக்கொண்டது.

குமரப்பா இதை எதிர்க்கவென்று அங்கே போகவில்லை, வணிகம் படிக்கத்தான் போனார். அவரைத் திருப்பியது வேறு ஒன்று. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் பேசினார், அது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆடிட்டர் இல்லையா, அரசாங்கத்தின் வரவு செலவையே எடுத்து வைத்துப் பார்த்தார். ஏழையிடம் வரி வாங்கி, அந்த ஏழைக்குப் பயன்படாத இடத்தில் செலவழிக்கிறார்கள் என்பது தெரிந்தது. 1929இல் ஊர் திரும்பியவர், கார்னீலியஸை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

ஆய்வேட்டை வெளியிடுவதற்காகக் காந்தியைப் பார்க்க 1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டுச் சூட்டு போட்டுக்கொண்டு! சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். யாரோ என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்தான் காந்தி என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர், அந்தச் சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டு வந்தும் வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய ஆய்வு காந்தியின் யங் இந்தியா இதழில் தொடராக வந்தது. சூட்டும் போனது, பம்பாய்த் தொழிலும் போனது. அதற்குப் பிறகு கடைசிவரை கதர்தான். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

குஜராத் கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்தில் மாணவர்களோடு கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தார். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் பணப் பொறுப்பு அவரிடம் வந்தது. காந்தியும் அவர் ஆட்களும் வந்து தங்கியபோது, அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி கோபப்படவில்லை. இப்படி ஒரு பொருளாளர் நம்ம இயக்கத்துக்குக் கிடைத்தால் எத்தனை பேர் தாங்குவோம் என்று தெரியவில்லை.

அதே 1934 கடைசியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் குமரப்பா அதன் செயலாளராக உட்கார்ந்தார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், கையால் செய்த காகிதம் என்று பல வேலைகள் அங்கே நடந்தன. அரிசிக் கதை நமக்கு நெருக்கமானது, அதனால் அதை மட்டும் சொல்கிறேன். ஆலையில் தீட்டிய அரிசி மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக இருக்கும், வெள்ளையாக இருப்பதுதான் உசத்தி என்று சந்தை பழக்கிவிட்டது. அப்படித் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்ற சத்தும் போய்விடுகிறது. அந்தச் சத்து இல்லையென்றால் பெரிபெரி நோய் வரும், கால் வீங்கும், இதயம் நிற்கும். மலாயாவில் இந்த நோயில் செத்தவர்கள் ஏராளம். 1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும் இன்னொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி சாப்பிட்டவர்கள் பலருக்கு நோய் வந்தது, புழுங்கல் பக்கம் ஏறக்குறைய வரவே இல்லை. நெல்லை அவிக்கும்போது உமிப்பக்கம் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். நம்ம தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத் தமிழர்கள் புழுங்கலையே சாப்பிட்டதால் அவர்களிடம் அந்த நோய் குறைவாக இருந்தது. பார்க்க அழகில்லாத, பழுப்பு அரிசி. இன்றைக்கு அதே பழுப்பு அரிசியை அழகான பையில் போட்டு, ஆரோக்கியம் என்று எழுதி, இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்பது வேறு கதை!

இனி அந்த எழுதாத விலைக்கு வருவோம். குமரப்பா கோக்கோவை உதாரணமாகச் சொல்வார். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் ஆளைக் கட்டாயப்படுத்தி விளைவித்திருக்கலாம், போர்க்கப்பல்கள் காவல் காக்கும் கடல்வழியில் வந்திருக்கலாம், குறைந்த கூலிக்கு ஆலையில் அரைத்திருக்கலாம், ஆதிக்கத்தால் கிடைத்த வரிச்சலுகையில் இந்தியாவுக்குள் நுழைந்திருக்கலாம். அப்படியானால், அந்தக் கோப்பையைக் குடிக்கிறவனுக்கு இத்தனையிலும் பங்கு உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் வாங்கியவனும் குற்றவாளிதானே, அதுபோல என்பது அவருடைய வாதம். விற்கிறவன் விலையை மட்டும் காட்டுவான், வரலாற்றைக் காட்டமாட்டான்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்த அமெரிக்கக் கார்களின் டயர்தான். அந்த ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலிருந்து போனது. கூலாயிலும் குளுவாங்கிலும் லாபிஸிலும் விடிவதற்கு முன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களும் அந்தக் காரின் ஒரு பகுதி. கார் விளம்பரத்தில் அழகான பெண் இருந்தாள், அகலமான சாலை இருந்தது, மங்கு ஏந்திய மரத்தையும் பால் வாளி தூக்கிய தமிழச்சியையும் யாரும் வரையவில்லை. அமெரிக்காவில் தவணையில் வாங்கிக் குவித்த காலம் 1929 அக்டோபரில் பங்குச்சந்தையோடு சரிந்தது. அடுத்த வருடங்களில் இங்கே தோட்டத்தில் கூலியை வெட்டினார்கள், பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே ஒருவன் புதுக் கார் வாங்காததற்கு இங்கே ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. இன்று என் கையில் இருக்கும் கைப்பேசியின் பேட்டரிக்குள் கோபால்ட் இருக்கிறது. உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவில் தோண்டுகிறார்கள், அங்கே சில குழிகளில் சிறுவர்களும் வேலை செய்கிறார்கள். குமரப்பா இருந்தால் கோக்கோவை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லியிருப்பார்.

1942 போராட்டத்துக்குப் பிறகு சிறையில் இருந்தபோது எழுதிய புத்தகம் நிலைத்த பொருளாதாரம் பற்றியது, 1945இல் வந்தது. பொருளாதாரத்தை ஐந்து விதமாக அதில் பிரிக்கிறார். கொன்று தின்னும் புலி, நடாமலே பறித்துத் தின்னும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை. படிக்கச் சின்னப் பிள்ளைக் கதை மாதிரி இருக்கும். நாம் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று யோசித்தால் அவ்வளவு சின்னதாக இல்லை.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் வாழ்க்கைத்தரம் பற்றியது. உயர்ந்த வாழ்க்கைத்தரம், தாழ்ந்த வாழ்க்கைத்தரம் என்று பேசுவதே தவறு, எளிய வாழ்க்கை என்றும் சிக்கலான வாழ்க்கை என்றும்தான் பேசணும் என்கிறார். வாழை இலையில் கையால் சாப்பிடுகிறவன் தாழ்ந்தவனும் இல்லை, பத்துத் தட்டு, முள்கரண்டி, மேசைவிரிப்பு வைத்துச் சாப்பிடுகிறவன் உயர்ந்தவனும் இல்லை. இரண்டாமவனுக்குக் கழுவுகிற வேலை அதிகம், அவ்வளவுதான். உயர்ந்தது என்ற அந்த ஒரு சொல்லில்தான் விளம்பரத்தின் முழு வியாபாரமும் நிற்கிறது. பிடிபிடிஎன் பணம் கணக்கில் விழுந்த வாரம் பல்கலைக்கழக விடுதியில் வந்து இறங்கும் பொட்டலங்களைப் பாருங்கள். நல்லா ஓடுகிற கைப்பேசி ஒன்று பையில் இருக்கும், புதுசு தவணையில் வந்துவிடும். 11.11 அன்று நள்ளிரவுக்கு அலாரம் வைத்து வாங்குகிறவர்கள் மறுநாள் காலை வகுப்புக்கு அலாரம் வைப்பதில்லை. தீபாவளி வந்தால் வீட்டிலும் இதே கதைதான், கடன் அட்டை மட்டும் பெரியவர்களுடையது. வேலை கிடைப்பதற்கு முன்பே ஒரு பகுதிச் சம்பளத்தை நாம் விற்றுவிடுகிறோம்.

குமரப்பா சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள என்னால் முடியாது. பெரிய ஆலைகள் மேல் அவருக்கு இருந்த சந்தேகம் சில இடங்களில் அளவு மீறியது என்றே நினைக்கிறேன், கைக்குத்தலால் மட்டும் இத்தனை கோடிப் பேருக்குச் சோறு போட முடியாது. நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவிலிருந்தும் அவர் சில மாதங்களிலேயே விலகிவிட்டார். கொஞ்சம் பொறுத்து உள்ளே இருந்து பேசியிருக்கலாம். ஆனால் இயந்திரமே வேண்டாம் என்றவர் என்று சொன்னால் அது பொய். மண்ணெண்ணெய்க்குப் பதில் ஊரில் ஆட்டும் எண்ணெயில் எரிகிற மகன் தீபம் என்ற விளக்கை மகன்வாடி பரப்பியது. எந்த எரிபொருள் எங்கே கிடைக்கிறது, காசு யாரிடம் போகிறது என்பதில் தொடங்கும் வடிவமைப்பு அது. எங்கள் வகுப்பில் செயல்திறனைக் கணக்கிடச் சொல்லித் தருகிறார்கள், இந்தக் கேள்வியைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பதவி எதிலும் ஒட்டவில்லை. உடம்பு முடியாமல் போனதும் மதுரைக்குப் பக்கத்தில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய இருப்பிடத்தில் ஓர் ஏழை விவசாயியின் படம் இருந்தது. யார் என்று கேட்பவர்களிடம், காந்தி தன் எஜமானர் என்றும் படத்தில் இருப்பவர் அந்த எஜமானருக்கே எஜமானர் என்றும் சொல்வாராம். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார்.

பதின்மூன்று வருடம் கழித்து, 1973இல், எர்ன்ஸ்ட் சூமாக்கர் என்ற பொருளாதார அறிஞரின் சிறியதே அழகு என்ற புத்தகம் வந்து உலகம் முழுக்கப் பரவியது. அதில் பௌத்தப் பொருளாதாரம் என்ற கட்டுரையைத் தேடிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். உலகத்தின் பெரிய பெயர்களுக்கு நடுவில் நம்ம தஞ்சாவூர் ஆடிட்டரின் பெயரும் இருக்கும்.