மருந்துவாழ்மலைத் தவமும் நாராயண குருவின் அருட்பணியும்

கண்மூடித் தனித்திருப்பார்க்கு உலகத்தார் துயர் புலனாகாது என்பாரும், பிறர்க்கு உதவுவார்க்குத் தியானம் வேண்டா என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தாமையை ஸ்ரீ நாராயண குரு சுவாமிகள் வரலாற்றால் அறியலாம்.

சுவாமிகள் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஈழவர் குடியிற் பிறந்தார். வடமொழி கற்றுச் சிறார்க்கு ஆசிரியராயிருந்து, நாணு ஆசான் எனப் பெயர் பெற்றார். தைக்காடு அய்யாவு சுவாமிகள்பால் யோகநெறி பயின்றார். தமிழ்ப்பற்று மிக்கவர், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் ஆக்கியதோடு, தமிழில் சிவபெருமான்மேற் பதிகங்களும் பாடினார்.

பின்னர் வீடு துறந்து நாஞ்சில் நாட்டையடைந்து, மருந்துவாழ்மலையிற் பிள்ளைத்தடம் என்னும் குகையில் தவமிருந்தார். அம்மலைக்கு அணித்தே சுசீந்திரத்துத் தாணுமாலயன் திருக்கோயில் உள்ளது. அக்காலத்தில் சுவாமிகள் பிறந்த குடியினர் அக்கோயிலுட் புகுதல் ஒருபுறமிருக்க, அதனைச் சூழ்ந்த வீதிகளில் நடத்தலும் கூடாது. தம்மவரைப் புறத்தே நிறுத்திய கோயிலை அருகே வைத்துக்கொண்டு தவமியற்றியவர்க்குச் சினம் மூண்டிருப்பின் வியப்பில்லை. ஆயினும் மலையிழிந்தபின் அவர் செய்தவற்றுட் சினத்தின் சுவடு யாம் காண்கிலேம்.

1888-ஆம் ஆண்டு சிவராத்திரியில், அருவிப்புரத்தில் நெய்யாற்றினுள் மூழ்கி ஒரு கல்லை எடுத்தார். அதனை ஏந்தியவாறே கண்ணீர் வார நெடும்பொழுது தியானத்தில் நின்று, பின் சிவலிங்கமாகத் தாபித்தார் என்ப. சாதி வேற்றுமையும் மதப்பகையுமின்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது என அங்கே எழுதுவித்தார். ஆகம விதி நோக்குவார் இச்செயலில் ஐயுறலாம். யாமும் ஆகமத்தைப் போற்றுவோமே. எனினும் வழிபட இடமின்றி நின்ற மக்கட்கு ஓரிடம் அளித்ததைக் குற்றமென்று கூற எம் நா எழவில்லை.

அதன்பின் கோயில்கள் பல எழுந்தன, கல்விக்கூடங்களும் எழுந்தன. தெய்வத்தின் பேரால் உயிர்ப்பலி இடுதலை விலக்கினார், கள்ளைக் கடிந்தார், ஏழைகளைக் கடனாளியாக்கும் சடங்குகளைக் குறைப்பித்தார். 1924-இல் ஆலுவாயிற் சர்வமத மாநாடு கூட்டினார்.

சுவாமிகள் கொள்கை அத்துவைதம். பதி பசு பாசம் மூன்றும் அநாதி எனக் கொள்ளும் யாம் அதனோடு முற்றும் உடன்படுமாறில்லை. ஆயினும் சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் இறைவனோடு ஒன்றி நிற்றலையும் அவன் பணியில் வழுவாமையையும் பிரியாது வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. தியானத்தால் தன்முனைப்பு அடங்குந்தோறும், அது மறைத்து நின்ற பிறர் துயர் உள்ளத்திற்குத் தோன்றுகின்றது. குகையில் அடங்கியது அம்முனைப்பே. ஆற்றங்கரையில் வெளிப்பட்டது அருள். மனம் ஒடுங்கியும் அயலார் பசியறியாதார், ஒடுங்கியது மனமோ உறக்கமோ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.

சுவாமிகள் 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் வர்க்கலைச் சிவகிரியிற் சமாதியெய்தினார். எட்டாண்டு கழித்து, 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மன்னர் பிறப்பித்த ஆலயப் பிரவேச விளம்பரத்தால், மருந்துவாழ்மலைக்கு அணித்தாகிய சுசீந்திரத் திருக்கோயிலின் கதவும் இந்துக்கள் எல்லார்க்கும் திறந்தது.