பனிமலையில் வீடு கட்டிய தம்பதியர்

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தின் அருகே, சங்கு போலச் சுழன்று மேலேறும் காபி ஹவுஸை அறியாத தமிழர் இந்நகரில் குறைவு. அதைக் கட்டிய லாரி பேக்கர் தம் தொழிலின் நுட்பத்தைக் கற்றது கேரளத்தில் அன்று, இமயமலைக் குளிரில்.

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். கட்டடக் கலை பயின்றவர். ஆயுதம் ஏந்த மறுக்கும் குவேக்கர் நெறியினராதலால், இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனா சென்றார். தாயகம் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்திக்கும் பேறு கிட்டியது. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற அண்ணலின் கருத்து அவர் நெஞ்சில் பதிந்தது. 1945-ல் தொழுநோயாளர் இல்லங்களைச் சீரமைக்கும் பணியேற்று மீண்டும் இந்தியா வந்தார்.

இங்கே கேரளத்தவரான டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைக் கண்டு மனம் ஒன்றினார். இரு குடும்பத்தாரும் விரும்பவில்லை. இருவரும் பொறுத்திருந்து 1948-ல் மணம் புரிந்து கொண்டனர்.

புதுமணத் தம்பதியர் உல்லாசப் பயணமாகச் சென்ற இடம், நேபாள எல்லையை ஒட்டிய பித்தோராகர். மணப்பெண் டாக்டர் என்ற செய்தி மலைக் கிராமங்களில் பரவியதுதான் தாமதம், நோயாளிகள் வந்துவிட்டனர். அவர்களை விட்டுவிட்டு எப்படி இறங்குவது? தம்பதியர் அங்கேயே தங்கிவிட்டனர்; பதினாறு ஆண்டுகள்!

மலைச்சரிவில் தங்களுக்கு வீடும் நோயாளிகளுக்கு மருத்துவமனையும் கட்ட முற்பட்டபோதுதான், படித்த படிப்பு கைகொடுக்காது என்பது பேக்கருக்குப் புரிந்தது. சிமெண்டும் இரும்பும் அந்த மலைமேல் ஏறி வருவதென்றால் லேசான காரியமா? ஆகவே கிராமத்துக் கொத்தர்களே ஆசிரியர்கள் ஆயினர். மலையில் வெட்டிய கல்லால் தடித்த சுவர், சாந்துக்குக் குழைத்த மண், கூரைக்குப் பலகை பலகையாகப் பிளந்த கல். கீழ்த்தளத்தில் மாடுகளைக் கட்டி, அவற்றின் உடற்சூட்டில் மேல்தளத்தில் மனிதர் உறங்கும் வழக்கமும் அங்கு உண்டு. நம் பக்கத்தில் காற்று வர ஜன்னல் வைக்கிறோம். அங்கே காற்று புகாதிருக்க ஜன்னலைச் சிறிதாக்குகிறார்கள். குளிர்காலத்தில் மண்சாந்து எளிதில் உலராது. இரவில் ஈரம் உறைந்தால் பொரிந்து உதிரும். எந்தப் பருவத்தில் சுவர் எழுப்புவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதெல்லாம் கொத்தர்களுக்குப் பரம்பரை அறிவு. பட்டம் பெற்றவர் அவர்களிடம் கைகட்டிக் கற்றது பெரிய காரியந்தான்.

சிகிச்சை நேரத்தில் டாக்டர் அம்மையாருக்குக் கணவரே உதவியாளர். பேக்கரைப் புகழ்வோர் இந்த அம்மையாரை அதிகம் குறிப்பிடுவதில்லை. ஆனால் அவரை நாடி வந்த நோயாளிகள் இல்லையேல் அந்த மலையில் வீடும் இல்லை. அந்தப் பாடமும் இல்லை.

1962-ல் சீனப் போர் மூண்டது. எல்லைப் பகுதியில் நிலைமை மாறவே, 1963-ல் இருவரும் கேரளத்து வாகமண் மலைக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் வந்து சேர்ந்தனர். உள்ளூரில் வளர்ச்சி ஆராய்ச்சி மையம் முதல் எளியோர் வீடுகள் வரை அவர் எழுப்பிய கட்டடங்களை வாசகர்கள் கண்டிருப்பர். 1990-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நாலாஞ்சிறையில் பாறைச்சரிவொன்றில், பழைய மரங்களையும் கழித்த பொருள்களையும் சேர்த்துச் சிறிது சிறிதாகக் கட்டிய வீட்டில் தம்பதியர் வாழ்ந்தனர். பேக்கர் 2007 ஏப்ரல் 1-ம் தேதி தமது 90-ம் வயதில் காலமானார்.